மூச்சுக்குப் பதினெட்டு

சக்கரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அறுவைப் பிரிவின் நோயாளிகள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள்போல், முப்பத்திரண்டு கட்டில்களுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த செவிலி அவள். பெயர் வைத்தவர்கள் குணமாகி வீடு திரும்பினர். பெயர் மட்டும் அங்கேயே தங்கி, மருத்துவர்களின் வாய்க்கு ஏறி, கடைசியில் அவள் கணவனின் நாவிலும் குடியேறியது.

அவள் கால் ஓடிய காலம் ஒன்று. இப்போது ஓடியது மனம். முழங்கால்கள் மாலையானால் வீங்கின. அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் ஒருநாள் காலை அந்த நீண்ட கூடத்தின் வாயிலில் நின்றபோது, ‘இன்னும் இருபது ஆண்டு இதே தரையா?’ என்றொரு கேள்வி எங்கிருந்தோ வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து, உலையில் வைத்த நீர் அடங்காததுபோல், அவள் உள்ளம் ஓரிடத்தில் அடங்கவில்லை.

மருத்துவமனை அதற்கொரு வழி வைத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டு முடித்து, நற்சான்றும் பெற்ற செவிலியர் வேறு மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு வாரம் வேலை செய்து பார்க்கலாம், பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்றும் ஒத்துவராவிட்டால் பழைய பிரிவுக்கே திரும்ப வேண்டும். மறுபடி வாய்ப்புக் கேட்க ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். நற்சான்று அவளிடம் இருந்தது. சென்ற மழைக்காலத்தில், பதினோராம் கட்டிலில் கிடந்த குடை பழுதுபார்ப்பவர் மூச்சுத் திணறியதைக் கண்டு அவள் போட்ட கூச்சலில் மாடியே ஓடிவந்தது, மனிதர் பிழைத்தார். பிழைத்தவர் நிர்வாகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே அவளுக்கு நற்சான்றாயிற்று. மூன்று கட்டங்கள் கொண்ட படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் புறப்பட்டாள்.

முதற்கட்டம் டயாலிசிஸ் பிரிவு. அங்கே குருதியைக் கழுவும் வேலையை இயந்திரங்கள் செய்தன. நோயாளிகள் நான்கு மணிநேரம் சாய்ந்திருந்தனர். செவிலி அருகே அமர்ந்து எண்களைக் கவனிக்க வேண்டும். அவளால் அமர முடியவில்லை. எட்டு இயந்திரங்களையும் நாளொன்றுக்கு நூறு முறை வலம் வந்தாள்.

“சிஸ்டர், மெஷின்ல சுத்துற என் ரத்தம் கூட இவ்வளவு வேகமா சுத்தல. உங்கள பாத்தே எனக்குத் தல சுத்துது. கொஞ்சம் உக்காருங்களேன், புண்ணியமா போகும்” என்றார் ஒரு முதியவர். அவள் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் கழித்து எழுந்தாள். இரண்டாம் வார முடிவில் அந்தக் கட்டத்தில் கோடு விழுந்தது.

இரண்டாவது, தொலைபேசி ஆலோசனைப் பிரிவு. காதில் ஒலிக்கருவி, எதிரே திரை, திரையில் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக. ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம். கண்ணால் கண்டு, கையால் தொட்டுப் பழகியவளுக்குக் குரல் மட்டும் போதவில்லை. முதல் நாளே பழக்கதோஷத்தில், “நாக்க நீட்டுங்க” என்று சொல்லிவிட்டாள்.

“நீட்டிட்டேன் சிஸ்டர்” என்றது மறுமுனை, நாக்கை நீட்டியபடியே, பணிவாக.

அறை முழுவதும் சிரித்தது; அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு அடங்கிப்போயிற்று. எழுபது பேர் பேசினார்கள். எழுபது பேருக்கும் பிறகு என்ன ஆயிற்று? இணைப்பு அறுந்ததும் கதையும் அறுந்தது. முடிவு தெரியாத எழுபது கதைகளைத் தலையில் சுமந்துகொண்டு அவள் பேருந்து ஏறினாள். இரண்டாம் கட்டத்திலும் கோடு விழுந்தது.

அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். பதினான்கு ஆண்டாக ஒரே வழித்தடம். ஒரே பதினேழு நிறுத்தம்.

“எனக்கு ஒண்ணு புரியல. தினமும் அதே ரோடு, அதே பள்ளம். எனக்கு ஏதாவது பைத்தியம் புடிச்சுதா?” என்றான், சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி.

“உங்களுக்கு என்னங்க, பள்ளம் வந்தா வண்டிதான் குதிக்கும். இங்க நான் குதிக்கிறேன்.”

“சரி, மூணாவது எது?”

“சார்ட் தணிக்கை. நோயாளிங்க சார்ட்ட எல்லாம் படிச்சு எங்க தப்பு நடந்துருக்குன்னு பாக்கணும். நாற்காலி, மேஜை, ஜன்னல். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம்.”

“அடுத்தவங்க தப்ப கண்டுபுடிக்கிற வேலையா? வீட்ல இத்தன வருஷம் இலவசமா செஞ்சுட்டிருந்தியே, இப்பதான் வேலையா குடுத்திருக்காங்க!”

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் பாடப்புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். “அப்போ நாளைக்கு நீ என்ன நர்ஸும்மா?”

“தப்பு கண்டுபுடிக்கிற நர்ஸு. உன் நோட்டுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?” என்றதும் தலை புத்தகத்துக்குள் போயிற்று.

தணிக்கை அறை மாடியின் கோடியில் இருந்தது. அதன் பொறுப்பாளன் அவளைவிட ஆறு வயது இளையவன். எட்டு ஆண்டுக்கு முன் அறுவைப் பிரிவில் புதிய செவிலியனாகச் சேர்ந்து, அவள் பின்னாலேயே ஓடி வேலை கற்றவன். பின் மேற்படிப்புப் படித்து இங்கே வந்தவன். அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“வாங்கக்கா! உங்களுக்காக ஜன்னல் பக்கம் ஒதுக்கியிருக்கேன். வெளிய பாத்தா மரம். உள்ள பாத்தா நான். ரெண்டும் அசையாது.”

“மரத்தயாவது காத்து அசைக்கும் தம்பி.”

இங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பும் முறையையும் அவன் விளக்கினான். பழைய சார்ட்டுகள் இருநூற்றைப் படிக்க வேண்டும். ஏதேனும் ஒரு குறையைக் கண்டறிந்து அறிக்கை எழுத வேண்டும். இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, செவிலியர் அனைவருக்கும் தலைவியான மேட்ரன் முன்னிலையில் படிக்க வேண்டும். எழுதிய செவிலியின் பெயரும் கையொப்பமும் கறுப்புத் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருக்கும். யாரையும் குறிவைக்கக் கூடாது என்பது விதி.

வியப்பு என்னவென்றால், அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கால் நாற்காலியில் இருந்தபோதும் மனம் தாளுக்குத் தாள் தாவியது; மனத்துக்கு அந்த ஓட்டம் வேண்டியிருந்தது. நான்கு நாளில் காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தை மலைத்தொடர் போலவும், நாடியைப் பறவையின் பறப்புப் போலவும் படிக்கத் தொடங்கினாள். ஐந்தாம் நாள்தான் ஒரு தரிசு நிலம் அவள் கண்ணில் பட்டது.

சார்ட்டின் மூன்றாவது வரி சுவாசம். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது. காய்ச்சல் ஏறியது, நாடி ஏறியது, இரத்த அழுத்தம் விழுந்தது. மூச்சு மட்டும் எதற்கும் அசையவில்லை. பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. குடல் அறுத்தவனுக்கும் பதினெட்டு, விரல் தைத்தவனுக்கும் பதினெட்டு, எண்பது வயதுக்கும் பதினெட்டு, இருபதுக்கும் பதினெட்டு. இருநூறு சார்ட்டில் நூற்றெழுபத்தொன்றில் அந்த எண்ணைத் தவிர வேறு எண்ணே இல்லை. உயிர் என்று நாம் சொல்வதே உள்ளே போய் வெளியே வரும் அந்தக் காற்றைத்தான். அந்த ஒன்றைத்தான் யாரும் எண்ணவில்லை.

அவள் வியக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். காலை ஆறு மணிச் சுற்றில் ஒரு செவிலி முப்பத்திரண்டு பேரைப் பார்க்க வேண்டும். வெப்பமானி தானே எண்ணைக் காட்டும். அழுத்தக் கருவி தானே எண்ணைக் காட்டும். மூச்சுக்குக் கருவி இல்லை. போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் ஆணியடித்ததுபோல் நிற்க வேண்டும். முப்பத்திரண்டு கட்டிலுக்கு முப்பத்திரண்டு நிமிடம். ஏழு மணிக்கு மருத்துவர்கள் வருமுன் மற்ற வேலைகளும் உண்டு; மொத்தச் சுற்றுக்கும் கிடைப்பது நாற்பது. ஆகவே பார்வைக்கு நன்றாக இருப்பவன் பதினெட்டு. இது எந்த ஏட்டிலும் இல்லாத பாடம். ஒரு செவிலி அடுத்த செவிலிக்குச் சொல்லிக் கொடுப்பது.

‘இதுதான் அறிக்கை’ என்று துள்ளி எழுந்தாள். எண்ணிக்கைகளைத் தொகுத்தாள், அட்டவணை போட்டாள். ஒரு கேள்வி மட்டும் எஞ்சியது: இந்தப் பொய்ப் பதினெட்டால் யாருக்காவது கேடு நேர்ந்ததா? மறுவாரம் புதன்கிழமை, எல்லாவற்றையும் மறுபடி வரி வரியாகப் படித்தபோது, நூற்றறுபத்து மூன்றாம் சார்ட் விடை சொல்லிற்று.

குடல் அறுவை முடிந்து மூன்றாம் நாள். நள்ளிரவு பதினெட்டு, காலை ஆறு மணிக்குப் பதினெட்டு. ஏழு மணிக்கு முப்பத்தெட்டு. உதடு நீலம், நுரையீரலில் கிருமி, ஒன்பது நாள் தீவிர சிகிச்சை. பதினெட்டிலிருந்து முப்பத்தெட்டுக்கு மூச்சு ஒரே மணிநேரத்தில் தாவாது. விடியுமுன்பே படிப்படியாக ஏறியிருக்கும்.

பெயரின்மேல் கறுப்புத் தாள் இருந்தது. ஆனால் ஆறு மணிப் பதினெட்டில், எட்டு என்னும் இலக்கத்தை ஒரே இழுப்பில் எழுதாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இரு சிறு வட்டங்களாகப் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் மாறாத எட்டு அது. அவளுடைய எட்டு.

நோயாளியின் தொழில்: குடை பழுதுபார்த்தல். கட்டில்: பதினொன்று.

அவள் எழுந்து சன்னலோரம் போனாள், மேஜைக்கு வந்தாள், மறுபடி சன்னலுக்குப் போனாள். அன்று காலை ஆறு மணி அவள் நினைவில் இல்லை. எத்தனை துருவியும் வரவில்லை. ஏழு மணி மட்டும் கல்லில் வெட்டியதுபோல் இருந்தது: ஊசி போடப் போனது, உதட்டைக் கண்டது, கத்தியது. அந்த ஏழு மணிக்காகத்தான் கடிதம், அதற்காகத்தான் நற்சான்று, அதனால்தான் இந்த நாற்காலி.

பொறுப்பாளன் கவனித்துவிட்டான். “என்னக்கா, பழையபடி சுத்த ஆரம்பிச்சிட்டீங்க?”

சார்ட்டை அவன்முன் வைத்தாள். விரலால் எட்டைத் தொட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

“இருநூறுல ஒண்ணு. எடுத்துருங்க. வேற ஒரு சார்ட்ட சேத்துக்கலாம்.”

“எடுத்தா அறிக்கைக்கு உசுரு போயிரும். ‘எண்ணல, சரி, அதனால என்ன கெட்டுச்சு’ன்னு கேப்பாங்க. அதுக்கு இது ஒண்ணுதான் பதில்.”

“அப்போ இருக்கட்டும். பேருதான் மறைச்சிருக்கே. யாருக்குத் தெரியப்போகுது?”

“குடைக்காரர மேட்ரனுக்குத் தெரியாதா? அந்த லெட்டர வாசிச்சவங்களே அவங்கதானே.”

“ஏழு மணிக்கு நீங்க கத்துனதுதான் அவங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு யாரு எழுதுனாங்கன்னு அந்தத் தாளுக்குக் கீழதான் இருக்கு. நீங்களா கிழிக்காத வரைக்கும் எவனும் கிழிக்க மாட்டான்.”

அவன் குரல் தாழ்ந்தது.

“நான் வேலைக்கு வந்த மொத வாரம், அக்கா. ஒவ்வொரு கட்டிலா நின்னு வாட்ச்ச பாத்து எண்ணிட்டிருந்தேன். ஒம்பதாவது கட்டிலுக்கு வர்றதுக்குள்ள ஏழு மணி ஆயிருச்சு. நீங்கதான் ஓடி வந்து சொன்னீங்க: ‘டேய் தம்பி, பொண்ணு பாக்க வந்திருக்கியா இப்படி பாத்துட்டு நிக்கிற? மூச்சுக்குப் பதினெட்டு போட்டுட்டு நகரு.’ எனக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்க. உங்களுக்கு எவங்களோ சொல்லிக் குடுத்திருப்பாங்க. இதுல உங்கள மட்டும் என்னன்னு சொல்றது?”

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடவுள் படத்தின்முன் கைகூப்பி நின்றபோதும் வாயில் வேண்டுதல் வரவில்லை, எண்தான் வந்தது. வியாழக்கிழமை காலை, கணவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“அந்த வேலை உனக்குப் புடிச்சிருக்கில்ல?”

“புடிச்சிருக்குங்க. பன்னெண்டு வருஷத்துல இப்பதான் ஒரு இடத்துல உக்கார முடியுது.”

“அப்புறம் என்ன?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டு முடித்து, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான்.

“நீ சொல்லித்தான் ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. சொல்லாம வந்து இந்த வீட்ல நீ நடக்கப்போற நட இருக்கே, அத நெனச்சாத்தான் பயமா இருக்கு. தரை தாங்காதும்மா.”

வெள்ளிக்கிழமை மூன்று மணி. நீள மேஜையின் தலைப்பில் மேட்ரன், அவருக்கு வலப்பக்கம் எல்லோரும் பெரிய டாக்டர் என்று அழைக்கும் அறுவைப் பிரிவின் தலைவர், எதிரே பொறுப்பாளன். அவள் நின்றுகொண்டே படித்தாள். நூற்றெழுபத்தொன்று என்ற எண் வந்தபோது பெரிய டாக்டர் பேனாவை மூடினார். நூற்றறுபத்து மூன்றாம் சார்ட் வந்தபோது மேட்ரன் நிமிர்ந்தார்.

“இது அந்தக் குடைக்காரர் சார்ட்டுல்ல?”

“ஆமா மேடம்.”

“ஆறு மணிக்கு யாரு எழுதினது? சரி வேணாம், அத கேக்கக் கூடாது. மேல படிங்க.”

வாசல் திறந்து கிடந்தது. படித்துக்கொண்டே போயிருந்தால் போதும். பொறுப்பாளன் கண்ணை மூடிக்கொண்டான்.

“நான்தான் மேடம் எழுதினேன்.”

“நீதானேம்மா அன்னிக்கு ஏழு மணிக்குக் கத்துனே?” என்றார் பெரிய டாக்டர், விளங்காதவராய்.

“ஏழு மணிக்குக் கத்துனதும் நான்தான் சார். ஆறு மணிக்கு எண்ணாம விட்டதும் நான்தான்.”

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“எங்க காலத்துல இருபது” என்றார் மெல்ல.

“என்ன மேடம்?”

“பதினெட்டு இல்ல. நாங்க இருபது போடுவோம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் குரல் பழையபடி மேட்ரனின் குரலாயிற்று. “ஆனா விதி விதிதான். சொந்த சார்ட்ல விசாரணை இருக்கிறவங்கள தணிக்கைல வைக்க முடியாது. நற்சான்றயும் திரும்ப வாங்கணும். அந்தப் பெரியவருக்கு நடந்தத எழுதித் தெரிவிக்கணும்.”

“அத நானே எழுதறேன் மேடம்.”

“அக்கா இல்லாம இந்த அறிக்கையே இல்ல மேடம்” என்று பொறுப்பாளன் எழுந்தான். மேட்ரன் கையமர்த்தினார், அவன் அமர்ந்தான், நாற்காலி கிறீச்சிட.

அவள் கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். மடிப்புகளில் நைந்திருந்த அந்தத் தாளில் மூன்றாம் கட்டத்தின் குறுக்கே, வேறு யாரும் போடுமுன், தானே கோடு போட்டாள். மரமும் சன்னலும் ஐந்து மணி வீடும் அந்தக் கோட்டுக்கு அப்பால் போயின.

“கடைசிப் பக்கத்துல ஒரு கோரிக்கை இருக்கு” என்றாள். “காலைச் சுத்துக்கு எம்பது நிமிஷம் வேணும். இல்லன்னா ரெண்டு பேரு வேணும். நேரம் குடுக்காம எண்ணுன்னு சொன்னா பதினெட்டு பத்தொம்பதாகும், அவ்வளவுதான்.”

“ஆள் இல்ல” என்றார் மேட்ரன்.

“அப்போ நேரம்?”

மேட்ரன் பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் கூரையைப் பார்த்தார். “என் ரவுண்டு ஏழு மணி. முப்பது வருஷமா ஏழு மணி. ஏழரைக்கு ஆபரேஷன் தியேட்டர். நான் எத மாத்துறது?”

யாரும் எதையும் மாற்றவில்லை. சனியும் ஞாயிறும் அவள் வீட்டில் நடந்தாள். குடைக்காரருக்கு எழுதிய கடிதத்தை ஐந்து முறை கிழித்து ஆறாம் முறை அஞ்சலில் சேர்த்தாள். நன்றி சொல்லி மூன்று பக்கம் எழுதிய மனிதருக்கு அவளால் அரைப் பக்கத்துக்குமேல் எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கூடத்தின் வாயிலில் நின்றாள். அதே தரை. உடன்வேலை பார்க்கும் இளஞ்செவிலி ஊசித் தட்டோடு வந்தாள். “வந்துட்டீங்களாக்கா? மூணு எடத்துலயும் தொரத்திட்டாங்களாமே!”

“ரெண்டுல நானா ஓடுனேன். ஒண்ணுலதான் தொரத்துனாங்க.”

முதல் கட்டிலில் தொடங்கினாள். எண்ணுவது நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பவள்போல் மணிக்கட்டைப் பிடித்தபடி போர்வையைப் பார்க்க வேண்டும். அறுபது நொடி. அத்தனை நீளமான நிமிடம் ஒன்று இந்த உலகில் உண்டென்பதை அவள் மறந்தே போயிருந்தாள். இருபதாம் நொடியில் கால் துடித்தது. நாற்பதில் நெஞ்சு, ‘போ, போ’ என்றது. இரண்டாம் கட்டில் பதினாறு. மூன்றாவது இருபத்தொன்று. நான்காவது பதினான்கு. ஒன்றுகூட இன்னொன்றைப்போல் இல்லை.

பத்தொன்பதாம் கட்டிலுக்கு வந்தபோது வாயிலில் செருப்போசைகள் கேட்டன. அங்கே படுத்திருந்தவர் வெற்றிலைக்கடைக்காரர். வாய் சும்மா இருக்காத மனிதர். முந்தாநாள்தான் பித்தப்பை எடுத்திருந்தார்.

“என்ன சிஸ்டர், இவ்வளவு நேரம் புடிச்சிட்டிருக்கீங்க? நாடி இருக்கா இல்லையா? இல்லன்னா இப்பவே சொல்லிருங்க, வீட்டுக்காரிக்குப் போன் போடணும்.”

அவள் பதில் சொல்லவில்லை. சொன்னால் எண்ணிக்கை தவறிவிடும்.

“சக்கரம், மணி ஏழு!” பின்னால் பெரிய டாக்டரின் குரல். “இன்னும் எத்தன கட்டில் பாக்கி?”

திரும்பாமலே, மணிக்கட்டைப் பிடிக்காத கையை அவரை நோக்கி உயர்த்தினாள், பொறுங்கள் என்று. அவருக்குப் பின்னால் வந்த மூன்று மருத்துவர்களின் செருப்போசையும் நின்றது. ஊசித் தட்டைப் பிடித்திருந்த இளஞ்செவிலி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

போர்வை ஏறியது; இறங்கியது. முப்பதாவது நொடியிலேயே எண்ணிக்கை பதினான்கு ஆகியிருந்தது, நான்காம் கட்டிலுக்கு ஒரு முழு நிமிடத்தில் வந்த அதே பதினான்கு. இன்னும் அரை நிமிடம் இருந்தது.